கசடு உரம் போடும் முன் நிலத்தைக் குத்திப் பாருங்கள்

போன ஞாயிறு மதுராந்தகம் பக்கம் ஒரு தோட்டத்தில் உழவுக் கருவிச் செயல்விளக்கம் பார்க்கப் போயிருந்தேன். கழிவறைத் தொட்டிக் கசடில் செய்த உரத்தை வயலில் போடலாமா, அதற்கு முன் நிலத்தை எப்படித் தயார் செய்வது என்று புதிதாக விவசாயத்துக்கு வருபவர்கள் அங்கே கேட்ட கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

1. கம்பி

மழை பெய்து இரண்டு நாள் கழித்து விரல் பருமன் இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு இறங்கி அரையடியில் டக்கென்று நின்றால், அடியில் மண் இறுகிவிட்டது. வருசக்கணக்கில் ரோட்டவேட்டர் (மேல்மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) மட்டுமே ஓட்டிய நிலத்தில் இது சகஜம். அங்கே வெட்டிக் காட்டிய குழியில், நிலக்கடலையின் ஆணிவேர் நேரே இறங்க வழியில்லாமல் படுக்கைவாட்டில் திரும்பி ஓடியிருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

2. உளிக்கலப்பை

இறுகிய அடிமண்ணை ஆழமாகக் கீறி உடைக்கும் கலப்பை இது. இறுக்கம் இருந்தால் மட்டும். மண் காய்ந்த பிறகு ஓட்டுங்கள்; ஈரத்தில் ஓட்டினால் இறுகிய மண் உடையாது, கொழு (கலப்பையின் இரும்பு முனை) வெறும் கோடு கிழித்துக்கொண்டு போகும். அரை மீட்டர் இடைவெளி, 40 செ.மீ. ஆழம், முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே. 3 வருசத்துக்கு ஒரு தடவை போதும்.

3. கசடு

செப்டிக் டேங்க் லாரியை அப்படியே வயலில் திறந்துவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கொக்கிப்புழு வெறுங்கால் வழியே ஏறும். உருண்டைப்புழு முட்டை மண்ணில் மாதக்கணக்கில் கிடந்து, கையிலிருந்து சோற்றுக்குப் போகும். களையெடுக்க இறங்குகிற பெண்களுக்குத்தான் முதல் பாதிப்பு.

பக்கத்திலேயே கருங்குழியில் 2017 முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. லாரிக் கசடைப் படுகையில் ஊற்றி, நீரை வடித்து, வெயிலில் காயவைக்கும் முறை அது. ஆனால் காய்ந்த கசடு உரமாகிவிடாது. மக்கும் குப்பையோடு கலந்து நீளக் குவியலாகப் போட்டு, 15 நாள் 55 டிகிரிக்குக் குறையாமல் சூடு நிற்க வேண்டும். அதற்குள் 5 முறை புரட்ட வேண்டும். வெளியில் இருந்தது உள்ளே போனால்தான் எல்லாம் வேகும். கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள், வெப்பமானி செருகுங்கள்.

4. பரிசோதனை

விற்பவரிடம் ஆய்வக அறிக்கை கேளுங்கள். நகரக் குப்பை உரத்துக்குச் சட்டம் வைத்த வரம்பு கிலோவுக்கு காரீயம் 100 மி.கி., காட்மியம் 5 மி.கி. அறிக்கை தர மறுத்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

5. இறைப்பு

தொழுவுரக் கணக்கான ஏக்கருக்கு 5 டன்னைத் தாண்ட வேண்டாம். கையுறை, பூட்ஸ் கட்டாயம். கிணற்றோரம், கீரைப் பாத்தி, முள்ளங்கி இவற்றுக்கு வேண்டாம். தென்னை, பருத்திக்குப் போடுங்கள். இறைத்த அன்றே ஒன்பது கொத்துக் கலப்பையால் (கல்டிவேட்டர்) இரண்டு ஓட்டு ஓட்டி மண்ணில் மூடிவிடுங்கள். மறுநாள் வரை வெயிலில் கிடந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடு போய்விடும்.