நையாண்டியை ஊரே நம்பிவிட்டால்: எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார்ப் பக்கத்துப் பிள்ளைகள் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கென்று நையாண்டி எழுதிக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்கும் ஊர்களில் கிண்டலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முன்னால் வந்தவர்கள் விழுந்த அதே குழியில் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, பழைய ஜோக் இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எழுத எழுத அவை போய்விடும். தானாகப் போகாதவை வேறு.

கிண்டல் இருக்கும், வாதம் இருக்காது

சிரிப்பு வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் பாருங்கள். அதியமானுக்காகத் தூது போன ஔவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மனையில் இருக்கின்றன என்கிறார் ஔவை. அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவாம். திட்டு ஒன்றுகூட இல்லை. 'அவனோடு போருக்குப் போகாதே' என்பது மட்டும் கேட்டவனுக்கு விளங்கிவிடும். எழுதி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதுதான்: இதைப் படித்தவர் என்ன செய்யவேண்டும், எதை நிறுத்தவேண்டும்? பதில் இல்லையென்றால் எழுதியது வெறும் நக்கல்.

அசலைப் போலவே எழுதிவிடுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

சித்தூர்ப் பக்கத்து வயல்களுக்கு ஆழியாற்றுத் தண்ணீர்தான் உயிர். தமிழ்நாட்டோடு செய்த பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையிலுள்ள மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வரவேண்டும். கணக்கில் வருவது வேறு, நாற்றுக்கு வேண்டிய வாரத்தில் வருவது வேறு. இதைப் பற்றி ஒரு பிளஸ் டூ பையன் எழுதினான். நல்ல பொருள், நல்ல கோபம். ஆனால் அரசு அறிவிப்பின் நடையை அச்சு அசலாகப் பிடித்துவிட்டான். எண், தேதி, பொருள், பார்வை எல்லாம் இருந்தன. பராமரிப்புக்காக 20 நாள் தண்ணீர் நிறுத்தம் என்று எழுதி, 'அதுவரை விவசாயிகள் கண்ணீரைப் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று முடித்திருந்தான். நையாண்டி இருந்தது அந்தக் கடைசி வரியில் மட்டும். யாரோ போனில் படம் எடுத்தபோது அந்த வரி வெட்டுப்பட்டுப் போயிற்று. வாட்ஸ்அப் குழு குழுவாகச் சுற்றியது. நாற்றங்காலுக்கு விதை ஊறவைத்திருந்த ஒரு பெரியவர் வேலையை நிறுத்திவிட்டார்.

"நெசமுன்னு நம்பிட்டாங்க சார்" என்றான், கொஞ்சம் பெருமையோடு. அந்தப் பெருமைதான் எனக்கு எரிச்சல். நம்பவைப்பது வதந்தியின் வேலை. நையாண்டியைப் படிக்கிறவர் ஓர் இடத்தில் நின்று, 'இது எங்கேயோ இடிக்கிறதே' என்று உணர வேண்டும். அங்கேதான் அவர் யோசிக்கத் தொடங்குகிறார்.

பெரிய எழுத்தாளர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1702இல் இங்கிலாந்தில் டேனியல் டீஃபோ, அரசத் திருச்சபையில் சேராத கிறித்தவர்களை ஒழித்துக்கட்டச் சொல்லும் வெறியரின் குரலிலேயே, பெயர் போடாமல் ஒரு துண்டுநூல் எழுதினார். அவரே திருச்சபையில் சேராதவர். வெறியர்களில் சிலர் அதை மெய்யென்று பாராட்டினார்கள். அவர் யாருக்காக எழுதினாரோ அவர்கள் பயந்தார்கள். உண்மை வெளியானதும் இரு பக்கமும் அவர்மேல் பாய்ந்தன. 1703இல் சிறையும், பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிற்பதும் கிடைத்தன. 1729இல் ஜோனதன் ஸ்விஃப்ட் வேறு வழியில் போனார். அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளைப் பணக்காரர்களின் சாப்பாட்டுக்கு விற்கலாம் என்று பொருளாதார நிபுணரின் நிதானத்தோடு கணக்குப் போட்டார். அதை யாரால் ஏற்க முடியும்? முடிவுக்குச் சற்று முன்னால், வெளியூரில் வாழும் நிலக்காரர்களுக்கு வரி, உள்ளூர்ப் பொருளையே வாங்குவது என்று உண்மையான தீர்வுகளை வரிசையாகச் சொல்லி, 'இதையெல்லாம் என்னிடம் பேசாதீர்கள்' என்று தள்ளுகிறார். அவருக்கு வேண்டியவை அவைதான்.

பையனைத் திரும்ப எழுதவைத்தேன். 'தண்ணீர் உள்ள நாளில் அலுவலருக்கு விடுப்பு, அலுவலர் உள்ள நாளில் தண்ணீருக்கு விடுப்பு' என்று முதல் வரியிலேயே இடறவிட்டான். அடுத்து, 7.25 என்ற எண்ணைப் பெரிதாக அச்சடித்து வயலுக்கு ஒன்று தரப்படும், காய்ந்த நாற்றின்மேல் விரித்தால் நிழலாவது கிடைக்கும் என்றான். மிகை படிப்படியாக ஏறியது. கடைசியில், 'தண்ணீர் விடும் தேதியை முன்கூட்டி எழுதி ஒட்டும் தீய பழக்கம் அடியோடு ஒழிக்கப்படும்' என்று முடித்தான். ஊர் கேட்பதும் அந்தத் தேதியைத்தான். இதில் எந்த வரியை வெட்டிப் படம் எடுத்தாலும் யாரும் ஏமாறமாட்டார்கள்.

பேச்சை, உடம்பை, சாதியை அடிப்பது

கூடாது. நம் பேச்சைக் கேட்டு இரண்டு பக்கத்துக்காரர்களும் சிரித்தபோது நமக்கு வலித்தது.

வஞ்சப்புகழ்ச்சியை இழுப்பது

கயவரைத் தேவர் என்று புகழும் 1073ஆம் குறள், 'விரும்பியதையெல்லாம் செய்வதால்' என்று காரணம் சொல்லி இரண்டடியில் முடிந்துவிடுகிறது. இரண்டு பக்கம் புகழ்ந்தால் படிக்கிறவர் மெய்யாகவே புகழ்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்.

புராண வேடம் மட்டும் போடுவது

எமலோகம், நாரதர் என்று தொடங்காத பிள்ளைகள் குறைவு. நம் மாவட்டத்தில், லக்கிடிக்குப் பக்கத்துக் கிள்ளிக்குறிச்சிமங்கலத்தில் பிறந்த குஞ்சன் நம்பியார் 18ஆம் நூற்றாண்டில், ஆடிப் பாடிக் கதை சொல்லும் துள்ளல் கலைக்குப் புராணக் கதைகளைத்தான் எடுத்தார். ஆனால் அந்தக் கதைகளுக்குள் நடமாடுவது அவர் காலத்துக் கேரளத்து மனிதர்கள். அவர்களுடைய சாப்பாட்டு ஆசை, வீண் பெருமை, அதிகாரிகளின் பேராசை எல்லாம் அங்கே தெரியும். நாரதர் வந்தால் மட்டும் போதாது. நம் பஸ் ஸ்டாண்டும் ரேஷன் கடையும் அவரோடு சேர்ந்து வரவேண்டும்.

முடிவில் விளக்கம் எழுதுவது

வெட்டிவிடுங்கள்.

சட்டத்தை மறப்பது

2024 ஜூலை 1 முதல் அவதூறு என்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 356ஆம் பிரிவில் வருகிறது. அதன் விதிவிலக்குகளில் நையாண்டி என்று தனியாக ஒன்று கிடையாது. 'தமாஷுக்குச் சொன்னேன்' என்பது தானாகக் காப்பாற்றாது. ஆகவே ஆளின் பெயரை விட்டு அவர் செய்த காரியத்தைப் பிடியுங்கள். நடந்ததாகச் சொல்லும் எதற்கும் கையில் தாள் இருக்கட்டும். பத்திரிகைக்குத் தருவதற்கு முன் அந்தத் தாளையும் என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.