'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா? மொழிபெயர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் தீவில் மீனவர் ஊரான தங்கச்சிமடத்தில் சாயங்கால வேளையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, 'தி போட் ரேன் அக்ரவுண்ட்' என்ற வரிக்குக் கீழே 'படகு தரையில் ஓடியது' என்று எழுதியிருந்தாள். கூட்டிப்போக வந்த அவள் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "படகுக்கு என்னதான் ஆச்சு?" என்று விசாரித்தார். ஆழம் இல்லாத இடத்தில் மணலில் ஏறி நின்றுவிட்டது என்றேன். "அப்ப தரை தட்டிருச்சுன்னு எழுதுத்தா" என்றார். அந்த வரிக்கு அதைவிடச் சரியான தமிழ் கிடையாது. வீட்டில் தினம் புழங்குகிற சொல்தான். 'ரன்' என்றாலே 'ஓடு' என்று சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்தது, அந்தச் சொல்லை அவளுக்கு மறைத்துவிட்டது.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று நினைப்பதுதான் மற்ற எல்லாத் தவறுக்கும் வேர். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் 'ரன்' என்ற இந்த ஒரு சொல்லோடு மட்டும் ஒன்பது மாதம் உட்கார்ந்தார். வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள் தேறியது. அத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம்.

பிள்ளைகளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 'ஓடு' பல இடத்தில் அச்சாகப் பொருந்திவிடுகிறது. என்ஜின் ஓடுது, பஸ் ஓடுது, படம் ஓடுது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் 1964 புயல் வரை கப்பல் ஓடியது என்று பெரியவர்கள் சொல்வதும் 'ரன்' தான். பத்து இடத்தில் சரியாக வந்தது பதினொன்றாவது இடத்திலும் வரும் என்று நம்பிவிடுகிறார்கள். பாம்பன் ரயில் பாலம் கடல்மேல் சுமார் 2 கிலோமீட்டர் 'ரன்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதலாம். அதைத் தமிழில் 'பாலம் ஓடுகிறது' என்று எழுதினால், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் கப்பலுக்காக மேலே தூக்கும் பகுதியைத் தவிர அசையாத ஒன்றை ஓடவிட்டதாகும். பாலம் நீள்கிறது. தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை போகிறது. ஆங்கிலம் ஓடச் சொல்லும் இடத்தில் தமிழ் நீளும், போகும், வரும்.

அதிகமாகக் கோட்டைவிடுவது 'ரன்'னுக்குப் பின்னால் வரும் குட்டிச் சொல்லில்தான். கடற்கரையில் கிரிக்கெட் ஆடுகிற எல்லாப் பையன்களுக்கும் 'ரன் அவுட்' தெரியும். அதே பையன் 'வி ரேன் அவுட் ஆஃப் டீசல்' என்று படித்தால் டீசலை விட்டு வெளியே ஓடினோம் என்கிறான். டீசல் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான். 'ரன் இன்டு' என்றால் ஆளாக இருந்தால் எதிர்பாராமல் பார்த்தது, சுவராக இருந்தால் மோதியது. 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏற்றிவிட்டது. குட்டிச் சொல்லை விட்டுவிட்டு 'ரன்'னை மட்டும் அகராதியில் தேடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே தேடுங்கள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது வேறொரு வழுக்கல். "அப்பா ஆட்டோ ஓட்டுறார்" என்பதை 'ரன்ஸ் அன் ஆட்டோ' என்று எழுதுகிறார்கள். ஓட்டுவது 'டிரைவ்'. 'ஹி ரன்ஸ் டூ போட்ஸ்' என்றால் இரண்டு விசைப்படகு வைத்துத் தொழில் நடத்துகிறார் என்று அர்த்தமாகும். இன்டர்வியூவில் இப்படிச் சொன்னால், கூலிக்குக் கடலுக்குப் போகிறவரின் பிள்ளையைப் படகு முதலாளி வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடுவார்கள். கடை, பள்ளிக்கூடம், சங்கம் எதுவானாலும் 'ரன்' என்றால் நடத்து.

இறந்தகாலத்தையும் கவனியுங்கள்: 'ஹேவ்' வந்தால் 'ரன்', 'ரேன்' அல்ல.

செய்தியிலும் இந்தச் சொல் வரும். அமெரிக்காவில் ஒருவர் 'ரன்னிங் ஃபார் பிரசிடென்ட்' என்றால் அதிபர் தேர்தலில் போட்டியிடுகிறார். துணி 'ரன்' ஆனால் சாயம் போகிறது. தென்னாப்பிரிக்கக் கடலோரத்தில் 'சார்டீன் ரன்' என்பது மத்தி மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும் பருவம்; 'மத்தி ஓட்டப்பந்தயம்' என்று ஒரு நோட்டில் பார்த்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. மீன் வரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற ஊர் இது.

அதனால் இப்போது பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன்: எது 'ரன்' ஆகிறது, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது? அது தெரிந்த பிறகு, அந்த வேலையைச் செய்கிறவர் அதை எப்படிச் சொல்வார் என்று யோசி.

அந்தப் பிள்ளைக்கு அடுத்து வந்த வரி, 'தி கரண்ட் வாஸ் ரன்னிங் ஸ்ட்ராங்'. முதலில் 'மின்சாரம் பலமாக ஓடியது' என்று எழுதினாள். மேல்வரியில் படகு இருப்பதைப் பார்த்து அவளே அடித்தாள். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு வாசல் பக்கம் திரும்பி, "அப்பா, கடல்ல தண்ணி வேகமா இழுத்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

"நீவாடு பலமா இழுக்குதும்போம்."

அடித்த வரிக்குக் கீழே அதை எழுதினாள். நான் பக்கத்தில் சரி போட்டேன்.