மோல் கணக்கில் துகள்களை எண்ணுவது எப்படி?

மோல் என்பது துகள்களை எண்ணும் ஓர் அலகு. மோல் கணக்கைத் தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: எண்ணப்போவது அணுவா, மூலக்கூறா, அயனியா? "ஒரு மோல் ஆக்சிஜன்" என்று மட்டும் எழுதினால் போதாது. அணு என்றால் 16 கிராம், மூலக்கூறு என்றால் 32 கிராம். பலரும் தடுமாறுவது இங்கேதான்.

எந்தத் துகளானாலும் ஒரு மோலில் 6.022 × 10²³ இருக்கும். இதுவே அவகேட்ரோ எண்.

4.4 கிராம் கார்பன் டை ஆக்சைடில் எத்தனை ஆக்சிஜன் அணுக்கள் என்று பார்ப்போம். மூலக்கூறு நிறை 12 + (2 × 16) = 44. மோல் எண்ணிக்கை 4.4 ÷ 44 = 0.1. அதை அவகேட்ரோ எண்ணால் பெருக்கினால் 6.022 × 10²² மூலக்கூறுகள். இத்தோடு நிறுத்திவிடாதீர்கள், கேட்டது அணுக்களை. ஒரு மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இருப்பதால் 2 ஆல் பெருக்க வேண்டும்: 12.044 × 10²², அதாவது 1.2044 × 10²³. தசமப் புள்ளியை நகர்த்தும்போது அடுக்கையும் மாற்ற மறக்காதீர்கள்.

நிறையிலிருந்து நேரே துகளுக்குத் தாவாமல் மோல் வழியாகவே போங்கள். விடையில் 10⁻²³ வந்தால், பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டீர்கள் என்று பொருள். துகள் எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே போகாது.

ஒரு மோலின் கன அளவு 22.4 லிட்டர் என்பது வாயுக்களுக்கு மட்டும்தான். அதுவும் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில். திரவ நீர் ஒரு மோல் எடுத்தால் சுமார் 18 மில்லிலிட்டர்தான் வரும்.