மலையகத்தில் கூடுதலாகத் தங்க: வெளியே போய்த் திரும்புவதா, விசாவை நீடிப்பதா?

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் பலருக்கு, நினைத்த நாளில் திரும்பிப் போக முடிவதில்லை. மழை பிடித்துக்கொண்டாலோ கொழுந்து மிகுந்த வாரமாக அமைந்துவிட்டாலோ தேர் தள்ளிப்போகும். வந்த இடத்தில் ஒரு துக்கம் நேர்ந்துவிட்டால், கருமாதி முடியும் வரைக்கும், சில குடும்பங்களில் 31ஆம் நாள் வரைக்கும் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் உறவினர் ஒருவர், "திருச்சிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்திருங்க, இன்னொரு மாசம் கெடைச்சிரும்" என்று நல்ல மனதோடு சொல்லுவார். அந்த யோசனை எப்போது பயன்படும், எப்போது பணத்தையும் நாட்களையும் தின்றுவிடும் என்பதைப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் சுற்றுலாப் பயணியாக வருபவர்கள் பெரும்பாலும் இ.டி.ஏ. எனப்படும் இணையவழி அனுமதியைப் பெற்றே வருகிறார்கள். 2012 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த அனுமதி வழமையாக 30 நாட்களுக்கு, இரண்டு முறை நுழையும் வசதியோடு வழங்கப்படுகிறது. குழப்பம் தொடங்குவது இந்த 'இரண்டு முறை' என்பதில்தான். முதல் முறை நீங்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கிய நாளிலிருந்து அந்த 30 நாட்களும் ஓடத் தொடங்கிவிடுகின்றன. இடையில் நீங்கள் திருச்சியில் நான்கு நாட்கள் இருந்தாலும் அந்த நான்கும் கணக்கில் சேரும். ஆகவே பழைய அனுமதியிலேயே திரும்பி வருபவருக்கு எஞ்சிய நாட்கள் மட்டுமே கிடைக்கும். புதிதாக ஒரு மாதம் வேண்டுமானால், வெளியேறிய பின் புதிய அனுமதிக்கு விண்ணப்பித்து, அதைப் பெற்றுக்கொண்டுதான் திரும்ப வேண்டும். அப்போதும் உள்ளே விடுவதா இல்லையா என்பதைக் கருமபீடத்தில் இருக்கும் குடிவரவு அதிகாரியே தீர்மானிப்பார். கையிலிருக்கும் அனுமதி அந்த அதிகாரத்தை இல்லாமற் செய்வதில்லை.

என் அபிப்பிராயத்தில், மலையகத்துக்கு வருபவர்களுக்கு உள்நாட்டிலேயே விசாவை நீடித்துக்கொள்வதே முதல் வழி. முதல் நீடிப்பில் பொதுவாக, வந்த நாளிலிருந்து 90 நாட்கள் வரை இருக்க இடம் கிடைக்கிறது. அதற்கும் மேலே வேண்டுபவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம். இந்த வேலைக்குரிய இடம் பத்தரமுல்லையில் சுஹுருபாய கட்டடத்திலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம். இணையத்திலும் விண்ணப்பிக்க வழி செய்திருக்கிறார்கள். கண்டியிலும் திணைக்களத்தின் கிளை இருக்கிறதே என்று அங்கே புறப்படுபவர்கள், விசா நீடிப்பு அங்கு செய்து தரப்படுகிறதா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளட்டும். கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதோடு அடிக்கடி மாறியும் வருகிறது. அதனால், உறவினர் சென்ற வருடம் கட்டிய தொகையை நம்பாமல் அரசாங்கத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் விசா வழங்கும் வேலை வெளிநாட்டு நிறுவனங்களின் கைக்கு மாற்றப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தி, பின்னர் பழைய இ.டி.ஏ. முறை திரும்பி வந்ததை நினைத்துப் பார்த்தால், நடைமுறை எவ்வளவு விரைவில் மாறக்கூடும் என்பது விளங்கும். அரசாங்கத் தளத்தைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் பிடுங்கும் தனியார் தளங்களும் உண்டு. முகவரி 'ஜீஓவீ டொட் எல்கே' (gov.lk) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே வங்கி அட்டையின் இலக்கத்தைக் கொடுங்கள்.

விண்ணப்பத்தில் தோட்டத்துக்கு வருபவர்களைத் தடுமாற வைப்பது முகவரிப் பகுதி. வீட்டு இலக்கம், வீதிப் பெயர் என்று கட்டங்கள் இருக்கும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கும் அக்காவின் வீட்டுக்கோ இரண்டுமே இருக்காது. கடிதங்கள் இன்றைக்கும் பல தோட்டங்களில் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்து சேருகின்றன. கட்டத்தை வெறுமையாக விடாமல் லயத்தின் இலக்கம், தோட்டப் பிரிவான டிவிஷனின் பெயர், தோட்டத்தின் பெயர், அஞ்சல் நகரம், மாவட்டம் என்ற வரிசையில் எழுதி, உங்களை வைத்திருக்கும் உறவினரின் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அவருடைய தேசிய அடையாள அட்டையின் பிரதியும் கையில் இருக்கட்டும். அட்டையிலிருக்கும் முகவரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து எழுதினால், பின்னர் கேள்வி வந்தாலும் பதில் ஒன்றாகவே இருக்கும். இணையத்தில் செய்வதானால் கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தையும் நுழைவு முத்திரை பதிந்த பக்கத்தையும் ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். சிக்னலுக்காகக் கோயில் மேட்டில் ஏறி நின்று, பனி மூட்டத்துக்குள் படத்தைப் பதிவேற்றப் பாடுபடுவதை விட, ஹட்டன் அல்லது பண்டாரவளை நகரத்தில் ஒரு தொடர்பாடல் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து முடித்துவிடுவது மேல்.

நாளைக் கணக்கிடும்போது வந்திறங்கிய நாளையும் சேர்த்தே எண்ணுங்கள். கடைசி நாள் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறையில் விழுந்தால் அலுவலகம் மூடியிருக்கும். ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் அப்படித்தான், போதாக்குறைக்கு அப்போது நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம் வேறு. வீதியையும் நம்பிவிட முடியாது. நுவரெலியாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வழமையான நாளிலேயே ஐந்து, ஆறு மணி நேரம் பிடிக்கும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோது மலையகத்தில் ரயில் பாதையும் வீதிகளும் மண்சரிவால் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. மழைக்காலத்தில் விசா முடியும் நாளன்றே மலையிலிருந்து இறங்குவதாகத் திட்டம் போடுவது துணிச்சல் ஆகாது, அசட்டுத்தனம். காலம் கடந்து தங்கினால் விசாக் கட்டணத்தோடு அபராதமும் சேரக்கூடும். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவு முன்னே வந்து நிற்கும்.

எப்படியும் இந்தியாவில் ஒரு வேலை இருக்கிறது, கோத்தகிரியிலோ கூடலூரிலோ குடியேறிய சித்தப்பா குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்றால், போய் வருவதில் அர்த்தம் உண்டு. ஆனால் பிரித்தானிய, கனேடிய, ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்திய விசா வேண்டும் என்பதை மறந்துவிட்டுக் கொழும்பு விமான நிலையத்தில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். இந்திய இ-விசாவைக் கொண்டு குறிப்பிட்ட நுழைவிடங்களில் மட்டுமே இறங்கலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பலில் போக விரும்புபவர்கள், தங்கள் விசா நாகப்பட்டினத்தில் செல்லுமா என்பதை உறுதி செய்த பிறகே சீட்டு வாங்க வேண்டும். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்தச் சேவை நின்றுவிடுவதும் உண்டு. இந்திய விசா இல்லாதவர்களுக்கு மாலைதீவு இருக்கிறது: 30 நாள் விசாவை வந்திறங்கியதும் இலவசமாகவே தருகிறார்கள், ஆனால் தங்குமிடச் செலவு கையைக் கடிக்கும்.

திரும்பி வரும்போது அதிகாரி கேட்பவை பெரும்பாலும் எளிய கேள்விகள்: எங்கே தங்குகிறீர்கள், எவ்வளவு நாள், திரும்பிப் போகும் சீட்டு எங்கே. சொந்தக்காரர் வீட்டில் தங்குவதை மறைத்து ஹோட்டல் பெயர் சொல்ல வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு நடத்துவதாகப் பெருமையோடு சொல்லிவிடாதீர்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலையாகக் கொள்ளப்படலாம், சுற்றுலா விசாவில் வேலைக்கு இடமில்லை. அப்படியொரு எண்ணம் இருப்பவர்கள் அதற்குரிய விசாவைக் கேட்டுப் பெறுவதே முறை.

வருடாவருடம் மாதக் கணக்கில் வந்து இருப்பவர்கள் இந்த நாள் கணக்கிலிருந்து விடுபடும் வழியையும் பார்க்கலாம். முன்னாள் இலங்கைப் பிரஜைகள் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இலங்கைப் பிரஜைக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிந்து குடியுரிமை பெறவும் சட்டத்தில் இடமுண்டு. மலையகத்தவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியப் பிரஜையாகிக் கப்பலேறியவர், நுவரெலியாவில் பிறந்தவராக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் 'முன்னாள் இலங்கைப் பிரஜை' ஆகாமல் போகலாம், ஏனெனில் அந்தக் குடியுரிமை அவரிடம் இருந்ததே இல்லை. எனவே பிறப்புச் சான்றிதழ் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு பத்தரமுல்லைக்குப் போகாமல், பெற்றோர் எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் கீழ்ப் பிரஜையானார்கள் என்பதைக் காட்டும் சான்றிதழைத் தேடி எடுங்கள். பெற்றோர் ஊரிலேயே தங்கியிருந்து, இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பிரஜையானவர்கள் என்றால் அதற்குரிய பத்திரம் வீட்டுப் பெட்டியில் இருக்க வாய்ப்புண்டு. தோட்டப் பதிவேட்டில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பது நம்மிடையே சர்வ சாதாரணம். பிரதேச செயலகத்தில் அதைச் சரிசெய்ய நாள் பிடிக்கும் என்பதால், ஊரில் இருக்கும் முதல் வாரத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.