மேலாளர் மீது கோபம் வந்தால்: காரைக்குடி ரசிகர்களுக்கு ஒரு வழிமுறை

காரைக்குடியில் நள்ளிரவு தாண்டி வீட்டு முகப்பில் கூடிச் ஐரோப்பியக் கால்பந்தின் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் பார்ப்பவர்கள், தங்கள் அணி தோற்றதும் முதலில் அணியை நடத்தும் மேலாளரைத்தான் வைவார்கள். அந்தக் கோபம் நியாயமானதா என்று அறிய, களத்து முடிவையும் வீரரை நடத்தும் விதத்தையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

களத்து முடிவுக்கு ஒரு நோட்டுப் போதும். மாற்று வீரர் எந்த நிமிடத்தில் இறங்கினார், அப்போது கோல் கணக்கு என்ன, யார் நொண்டிக்கொண்டிருந்தார் என்பவற்றை உடனுக்குடன் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து மாற்றுகள் இருந்தாலும், இடைவேளை நீங்கலாக மூன்று முறைதான் ஆட்டத்தை நிறுத்தி அவற்றைச் செய்ய முடியும் என்பதால், ‘ஏன் இன்னும் மாற்றவில்லை’ என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

வீரரை நடத்தும் விதம் சிக்கலானது. பயிற்சித் திடலில் நடப்பது நம் கண்ணுக்கு எட்டாது. 2023 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் எரிக் டென் ஹாக், பயிற்சியில் காட்டிய ஆட்டம் போதாததால் தம் வீரர் ஜேடன் சாஞ்சோவை ஆட்டத்தில் சேர்க்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்; தம்மைப் பலிகடா ஆக்கிவிட்டதாகச் சாஞ்சோ பதிலளிக்க, முதல் அணியிலிருந்தே ஒதுக்கப்பட்டார். தற்காலிகமாக வேறு அணிக்கு ஆடும் கடன் ஒப்பந்தத்தில் ஜெர்மனியின் போருசியா டார்ட்முண்டுக்குச் சென்ற அவரே 2024 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஆடினார். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஒதுக்கியது சரியா என்பதைவிட, ஊடகத்தின் முன் குறை சொன்னது சரியா என்பதே நம்மால் சான்றோடு பேசக்கூடிய கேள்வி. (என்னைக் கேட்டால், சரியில்லை.)

கோபம் உள்ளூர்க் குழுவின் பயிற்சியாளர் மீது என்றால் எல்லைக்கோட்டில் நின்று கத்தாமல், மறுநாள் காலை, ஆட்டத்தில் இறக்கப்படாத பையன் அருகில் இல்லாதபோது, “சார், அவனை ஏன் உட்கார வைத்தீர்கள்?” என்று நேரிலேயே கேட்டுவிடுங்கள்.