ஆயா எந்த ஊர்க்காரி? பெண்பாற் சொற்களுக்கு வேர் தேடுவோர் இடறும் இடங்கள்

சொல்லின் பிறப்பைத் தேடப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் முதலில் கைவைப்பது வீட்டுச் சொற்களில்தான். அம்மா, பாட்டி, பெண்: எளிதானவை போலத் தெரியும், எல்லா மொழியிலும் இருக்கும். இறங்கியவுடன் எல்லாரும் ஒரே பள்ளங்களில் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, அகராதிச் சுருக்கக் குறிகளில் தடுமாற்றம் போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும். இங்கே இருப்பவை அப்படிச் சரியாகாதவை.

ஒலி ஒத்தால் உறவு என்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பி வரும் தவறு இது. ‘ஆயா’வை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் ஆயா என்றால் வேலைக்கு இருக்கும் பெண். போர்ச்சுகீசிய மொழியில் ‘ஆயா’ என்றால் பிள்ளை வளர்க்கும் செவிலி. அதன் மூலமாகப் பொதுவாகக் காட்டப்படுவது ‘அவியா’ என்ற லத்தீன் சொல், பொருள், பாட்டி. இதைக் கண்டவுடன் ஒரு கூட்டம், தமிழ்ப் பாட்டியே கப்பலேறி வந்தவள் என்கிறது. இன்னொரு கூட்டம், லத்தீனே தமிழிலிருந்து எடுத்தது என்கிறது. இரண்டு கூட்டமும் சோதிக்கவில்லை.

சோதிப்பது கடினமில்லை. முதலில் பழைய பதிவைப் பாருங்கள். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்பது குறுந்தொகை 40. யாய் என் தாய், ஞாய் உன் தாய், தாய் என்பது அவன் அல்லது அவள் தாய். எந்தை, நுந்தை, தந்தை என்ற வரிசையும் இதே அமைப்பு. அம்மாவைக் குறிக்கும் ‘ஆய்’ இந்தக் குடும்பத்துச் சொல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியது 1498-இல். ஆகவே பாட்டி ஆயாவுக்குப் போர்ச்சுகல் தேவையில்லை.

அடுத்து, எதிர்த்திசையில் பாருங்கள். ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் இதே செவிலிச் சொல் உண்டு. இந்தியாவில் எடுத்துக்கொண்ட சொல் என்றால் அங்கெல்லாம் வேர்விட்டிருக்க வேண்டியதில்லை. ஆகவே அந்தச் சொல்லுக்குத் தமிழும் தேவையில்லை.

மூன்றாவது, வந்த வழி. ஜன்னல், அலமாரி, சாவி, மேசை ஆகியவை போர்ச்சுகீசியர் விட்டுப்போனவை. வேலைக்காரப் பெண்ணின் பெயரும் அந்த மூட்டையில் வந்தது இயல்பே. இந்தியிலும் ‘ஆயா’ இருக்கிறது, ஆனால் அங்கே அவள் தாதி மட்டும்தான், பாட்டி அல்ல. இரண்டு சொற்கள், ஒரே ஒலி. முன்பே ஓர் ஆயா இருந்ததால் வந்தவள் தமிழில் எளிதாக ஒட்டியிருக்கலாம். ஒட்டியது வேறு, பிறந்தது வேறு.

தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியக் கதை ஒன்று உண்டு. குயின்ஸ்லாந்தின் எம்பபரம் மொழியில் நாய்க்கு என்ன சொல் என்று மொழியியலாளர் டிக்ஸன் கேட்டபோது, வந்த பதில் ‘டாக்’. ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கியதல்ல. பக்கத்து மொழியில் இருக்கும் ‘குடக’ போன்ற வடிவத்தின் முதலசை உதிர்ந்து, உயிரொலி மாறி அப்படி ஆகிவிட்டது.

உண்மையான உறவு பெரும்பாலும் ஒலியில் ஒத்திருப்பதே இல்லை. ஆங்கில ‘குவீன்’ முதலில் வெறும் பெண், மனைவி. அதன் கூடப்பிறந்தவை: வடமொழி ‘ஜனி’, ரஷ்ய ‘ழெனா’, பாரசீக ‘ஜன்’, ஐரிஷ் ‘பான்’, கிரேக்க ‘குனே’. நம்பக் கடினமா? உயிருள்ளது என்ற பொருளில் வரும் இன்னொரு வரிசையை அருகில் வையுங்கள்: ஆங்கில ‘குவிக்’ (பழைய பொருளில்), வடமொழி ‘ஜீவ’, ரஷ்ய ‘ழிவோய்’, பாரசீக ‘ஜிந்தா’, ஐரிஷ் ‘ப்யோ’. முதலெழுத்துகள் அதே ஒழுங்கில் மாறுகின்றன. இப்படிக் குறைந்தது மூன்று நான்கு சொற்களாவது வரிசையாக நிற்காத வரை உறவு என்று எழுதாதீர்கள்.

மழலையைச் சான்றாக்குவது

‘அன்னை’க்கும் அம்மாவைக் குறிக்கும் துருக்கிய ‘அன்னெ’வுக்கும் கோடு போடுகிறவர்கள் ஜார்ஜிய மொழியைப் பார்க்கட்டும். அங்கே ‘மாமா’ என்றால் அப்பா, ‘தெதா’ என்றால் அம்மா. மானிடவியலாளர் மர்டாக் உலக மொழிகளிலிருந்து 1,072 பெற்றோர்ப் பெயர்களைத் திரட்டினார். தாயைக் குறித்தவற்றில் பாதிக்கு மேல் ம, ன போன்ற மூக்கொலி. முலையில் வாய்வைத்த குழந்தைக்கு மூக்கு வழியாகத்தான் முனக முடியும் என்று மொழியியலாளர் யாக்கப்சன் காரணம் சொன்னார். இந்தி ‘நானி’, வேல்ஸ் ‘நைன்’, துருக்கிய ‘நினெ’ என்ற பாட்டிகளும் இந்த வகைதான். வேர் ஆராய்ச்சியில் இவற்றை ஓரமாக வைத்துவிடுங்கள்.

சொல்லை வெட்டிப் பொருள் காண்பது

‘உமன்’ என்பது ‘வூம்ப்’ (கருப்பை) சேர்ந்த ‘மேன்’ அல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘வீஃப்மன்’. வீஃப் என்றால் பெண், மன் என்றால் ஆள். ‘ஃப்’ அடுத்த ‘ம்’முடன் கலந்து ‘விம்மன்’ ஆனது. பன்மையை இன்றும் ‘விமின்’ என்று உச்சரிப்பதில் அந்தப் பழைய உயிரொலி தெரியும். ‘ஃபீமேல்’ என்பதும் ‘மேல்’ என்பதன் பிள்ளை அல்ல. பிரெஞ்சு ‘ஃபெமெல்’ ஆங்கிலத்துக்கு வந்தபின் பக்கத்துச் சொல்லைப் பார்த்து எழுத்தை மாற்றிக்கொண்டது.

வெட்டுவது விளையாட்டல்ல. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூனியக்காரிகளை வேட்டையாட எழுதப்பட்ட லத்தீன் நூல், ‘ஃபெமினா’ என்பதை ‘ஃபெ’ (நம்பிக்கை), ‘மினுஸ்’ (குறைவு) என்று பிளந்து, பெண்ணுக்கு விசுவாசம் போதாது என்று வாதிட்டது. உண்மையில் அந்தச் சொல்லின் வேர் பாலூட்டுவது. வடமொழியில் செவிலியைக் குறிக்கும் ‘தாத்ரி’ இதன் உறவு.

ஒரே பெயர் போதும் என்பது

எந்தப் பாட்டி என்று கேளுங்கள். அம்மாவைப் பெற்றவளும் அப்பாவைப் பெற்றவளும் தெலுங்கில் அம்மம்மா, நானம்மா. சுவீடனில் மூர்மூர், ஃபார்மூர். மதுரைப் பக்கம் அம்மாயி, அப்பத்தா. ‘பாட்டி’ என்று ஒரே கட்டத்தில் போட்டால் பட்டியல் வீண்.

மாத்ரியோஷ்கா

‘மாத்ரியோஷ்கா’ என்ற ரஷ்ய அடுக்குப் பொம்மை பாபுஷ்கா அல்ல. பாபுஷ்கா பாட்டி, பொம்மையின் பெயர் மாத்ரியோனா என்ற பெண்பெயரின் செல்லவடிவம்.

இன்றைய பொருளைப் பழைய ஏட்டில் ஏற்றுவது

‘பாணர் வருக பாட்டியர் வருக’ என்ற மதுரைக்காஞ்சி அடியில் வருவது கிழவிகள் அல்ல, பாடினியர், அதாவது பாடும் பெண்கள். தொல்காப்பியக் களவியலின் ‘கிழவனும் கிழத்தியும்’ இளங்காதலர். கிழமை என்றால் உரிமை. அதே நூலின் மரபியலோ பாட்டி என்ற பெயரைப் பன்றிக்கும் நாய்க்கும் நரிக்கும் பெண்பாற்பெயராகத் தருகிறது. அதைக் காட்டிப் பாட்டி என்பதே வசைச்சொல் என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.