கடலோரப் பறவைகளைப் பார்க்க: முதலில் ஓத அட்டவணை

குளிர்காலத்தில் வலசை வரும் கரைப்பறவைகளைப் பார்க்க விடியலை விட ஓதம்தான் (கடல்நீர் கரையில் ஏறி இறங்குவது) முக்கியம். உயர் ஓதம் காலை 10 மணிக்கு என்றால் 7:30-க்கே போய்விடுங்கள். நீர் ஏற ஏற, சேற்றில் சிதறி மேயும் உள்ளான்கள் (sandpiper), உப்புக்கொத்திகள் (plover) போன்ற கரைப்பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கி வரும். நீர் வற்றியபின் போனால் அவை தொலைவில் வெறும் புள்ளிகள்தான். பெரும்பாலான கரைகளில் ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரத்து நேரம் உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் மேலே ஏறும். மணல்திட்டில் நிற்பவர்கள் திரும்பும் வழியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருப்புதான்.

8×42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். 20–60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் (ட்ரைபாடில் வைக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) இருந்தால் நல்லது. ஆனால் காற்றடிக்கும் கரையில் 60-க்குப் போனால் பிம்பம் ஆடும், மங்கும். 25–30-இல் நிறுத்துங்கள். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். லென்ஸில் உப்புத்துளி பட்டால் உலர்துணியால் தேய்க்கவே கூடாது. உப்புப் படிகம் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு நன்னீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுங்கள்.

இனம் காண்பதுதான் தலைவலி. இனப்பெருக்கக் கால வண்ணம் போய் எல்லாம் சாம்பலும் வெள்ளையுமாக நிற்கும். நிறத்தை விட்டு அலகையும் மேயும் விதத்தையும் பாருங்கள். நாலடி ஓடி, சட்டென நின்று, ஒரு கொத்து கொத்தினால் உப்புக்கொத்தி. அலகைச் சேற்றில் விட்டுத் துழாவிக்கொண்டே நகர்ந்தால் உள்ளான் வகை. சாம்பல் உப்புக்கொத்தியா, பொன்னிற உப்புக்கொத்தியா என்று நிற்கும்போது குழம்பினால், பறக்கும்வரை பொறுங்கள்: சாம்பல் உப்புக்கொத்திக்கு இறக்கை உடலோடு சேரும் அடிப்பக்கத்தில் கருந்திட்டு பளிச்சென்று தெரியும், மற்றதற்குக் கிடையாது. கால் நிறத்தை மட்டும் நம்பிக் கொசு உள்ளானை முடிவு செய்யாதீர்கள். சேறு ஒட்டிய கால் எந்த நிறமாகவும் தெரியும்.

கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவைகளை எண்ணி அந்த அகலத்தை மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவால் மொத்தத்தையும் அளந்து போங்கள். பெரிய பறவைகளைத் தனியாக எண்ணுங்கள்.

உயர் ஓதத்தில் அவை ஓய்வெடுக்கும் திட்டை நெருங்க வேண்டாம். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் வலசைக்குச் சேர்த்த கொழுப்பு வீணாகிறது. மேய்ச்சலோ தூக்கமோ நின்று தலைகள் நிமிர்ந்தாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள்.